பிரித்துப் போட்டால் போதுமா? மறுசுழற்சிக்கு வழிவிடாத பிளாஸ்டிக் பற்றி ஓர் இழை

6 செப்டம்பர் | வாசகர் ஒருவரின் பதிவு

"பிளாஸ்டிக் பிரச்சினை என்பது மக்களின் சோம்பல்தான். ஒவ்வொரு வீட்டிலும் கழுவி, காயவைத்து, பிரித்துப் போட்டால் நூற்றுக்கு நூறு மறுசுழற்சி ஆகிவிடும். தொழில்நுட்பம் இருக்கிறது, பொறுப்புதான் இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

6 செப்டம்பர், இரவு

மறுக்கிறேன்.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் ஆலைகளில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. முதலில் எக்ஸ்ட்ரூடர் பக்கம், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தில்; இப்போது தரச்சோதனை மேசையில். பிரித்துப் போடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. அக்கறையாகக் கழுவி, காயவைத்து, பிரித்து அனுப்பிய மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே ஓரம்கட்ட வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. உள்ளே வெள்ளி மினுக்கும் உறைகள், ஷாம்பு சாஷேக்கள், மாத்திரை அட்டைகள். அனுப்பியவர் மேல் ஒரு குறையும் இல்லை. அந்தச் சரக்கை வாங்கி வேலை பார்க்க ஆள் இல்லை.

பாட்டிலையும் பையையும் கையால் தனித்தனியாகப் பிரிக்கலாம். ஒரே உறைக்குள் பசை போட்டு ஒட்டிய மூன்று நான்கு பொருள்களை எந்தக் கையால் பிரிப்பது?

7 செப்டம்பர், காலை

"அடுக்கு அடுக்கு என்கிறீர்கள், எனக்கு ஒரே தாளாகத்தான் தெரிகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அலுமினியத் தாள் வைத்த ஒரு சாஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் பாலியஸ்டர், அதாவது பாட்டில் செய்கிற அதே பெட். அச்சு அதன் உள்பக்கம் இருக்கும், தேய்ந்து போகாமல் இருக்க. அதற்குக் கீழே பசை. பிறகு அலுமினியத் தாள். மறுபடி பசை. கடைசியாக, சூடுபட்டதும் ஒட்டிக்கொள்கிற பாலிஎத்திலீன். ஓரத்தில் ஒரு கீறல் போட்டு மெதுவாக இழுத்தால் தெரியும்: வெளித்தாள் வெடுக்கென்று கிழியும், உள்தாள் கிழியாமல் நீளும், நடுவிலிருக்கும் வெள்ளி துகள் துகளாக விரிசல் விடும். மூன்றும் மூன்று குணம்.

இப்போது இதை உருக்க வேண்டும். பாலிஎத்திலீன் வகையைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பெட் உருக 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். பாலிஎத்திலீனுக்கு ஏற்ற சூட்டில் ஓட்டினால் பெட் உருகாமல் சிம்பு சிம்பாக நிற்கும். பெட்டுக்காகச் சூட்டை ஏற்றினால் பாலிஎத்திலீன் சிதையத் தொடங்கிப் புகையும். ஒருவழியாக இரண்டையும் உருக்கிவிட்டாலும் ஒன்றோடொன்று கலக்காது. ஆறியதும் எல்லைக்கோடு விழுந்து அங்கேயே முறியும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி வேண்டும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எக்ஸ்ட்ரூடர் முனையில் ஒரு வடிகட்டி வலை இருக்கும். நல்ல சரக்கு ஓடும்போது அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கும். இந்த மாதிரி உறை கொஞ்சம் கலந்து வந்தால் போதும், முள் ஏறிக்கொண்டே போகும். வலையைக் கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருக்கும், நடுநடுவே மின்னும் அலுமினியப் பொடி. வலையை மாற்று, ஓட்டு, மறுபடி மாற்று. அன்றைய உற்பத்தி அதோடு போயிற்று. வெளிவரும் குருணையை வெட்டிப் பார்த்தால் உள்ளே குமிழி. அச்சு மையும் பசையும் சூட்டில் வாயுவாகி உள்ளேயே மாட்டிக்கொண்டது அது.

7 செப்டம்பர், மாலை

நூற்றுக்கு நூறு என்றதற்கு எண்களைத் தனியாகப் போடுகிறேன். 2017-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ரோலண்ட் கேயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா மூவரும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2015 வரை மனிதகுலம் செய்த புதுப் பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் கழிவானது சுமார் 630 கோடி டன். கழிவில் மறுசுழற்சி ஆனது 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12, மீதி 79 விழுக்காடு குப்பைமேட்டிலோ வெளியிலோ. அந்த 9-லும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மறுசுழற்சி ஆனது பத்தில் ஒரு பங்குதான்.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கையும் 2019-ம் ஆண்டுக் கழிவுக்குக் கிட்டத்தட்ட இதே 9 விழுக்காட்டைத்தான் சொல்கிறது. அந்த ஒரு வருடத்தில் 35 கோடி டன்னுக்கு மேல் கழிவு. ஏறத்தாழ 40 விழுக்காடு பொதிவுப் பொருள்கள், வாங்கிய சில நாளில் தூக்கிப்போடுகிறவை.

உலகம் முழுக்கச் சோம்பேறிகள் என்று இதை விளக்க முடியாது.

9 செப்டம்பர்

"அடியில் முக்கோணமும் எண்ணும் போட்டிருக்கிறதே, அது மறுசுழற்சிக் குறிதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. அது எந்த வகைப் பிசின், அதாவது எந்த மூலப் பிளாஸ்டிக் என்று சொல்கிற எண். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. 1 பெட், 2 எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), 3 பிவிசி, 4 எல்டிபிஇ (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), 5 பாலிப்ரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. நான் சொல்கிற பல அடுக்கு உறை எல்லாம் அந்த 7-ல்தான் போய் விழும். நைலானும் 7, பாலிகார்பனேட்டும் 7, சோளத்திலிருந்து செய்கிற பிஎல்ஏயும் 7. ஒன்றோடொன்று சேரவே சேராத பொருள்களுக்கு ஒரே எண்.

எண்ணைச் சுற்றி, ஒன்றையொன்று துரத்தும் அம்புகளை வரைந்ததுதான் பெரிய கேடு. பார்க்கிறவருக்கு அது ஒரு வாக்குறுதியாகத் தெரிகிறது. 2013-ல் அந்தத் தர விதியைத் திருத்தி, அம்புக்குப் பதில் வெறும் முக்கோணம் என்றார்கள். ஆனால் பழைய அச்சுகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன, சந்தையில் இன்றும் அம்புதான் அதிகம். 2021-ல் கலிஃபோர்னியா, உண்மையில் பரவலாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்படாத பொருளில் அம்புக்குறி போடக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. எல்லா நாடும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

10 செப்டம்பர்

முதல் குறிப்பில் வெள்ளி உறை என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். அதற்குள்ளேயே இரண்டு சாதி உண்டு, அதைப் பிரித்துச் சொன்னால்தான் சரி.

ஒன்று, உண்மையான அலுமினியத் தாள் வைத்தது. இன்னொன்று, பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது; அந்தப் படிவு சில பத்து நானோமீட்டர்தான். கையில் கசக்கிவிட்டால் தெரிந்துவிடும். தாள் வைத்தது கசங்கினபடியே கிடக்கும். படியவைத்தது மெல்ல விரிந்து பழைய வடிவத்துக்கு வரப் பார்க்கும். இரண்டாவது வகையில் சில உறைகள் உள்ளும் புறமும் பாலிப்ரொப்பிலீனாகவே இருக்கும். அவை கழித்துக்கட்ட வேண்டியவை அல்ல. குருணை சாம்பல் நிறமாக வரும், குமிழி வரும், விலை குறைவாகப் போகும், ஆனாலும் கனமான வார்ப்புப் பொருளுக்கு ஆகும்.

சிக்கல் என்னவென்றால், மூட்டைக்குள் இரண்டும் கலந்து வருகின்றன. எங்கள் பிரிப்பு மேசையில் பல வருட அனுபவமுள்ள பெண்கள் ஃபிலிமைக் காதால் பிரிப்பார்கள். விரலிடுக்கில் வைத்து ஒரு கசக்கு. சரசரவென்று கூர்மையாகச் சத்தம் வந்தால் பாலிப்ரொப்பிலீன். சத்தமில்லாமல் மெழுகு மாதிரி நழுவினால் எல்டி, அதாவது எல்டிபிஇ. இரண்டுக்கும் நடுவில் கரகரவென்றால் எச்எம், அதாவது எச்டிபிஇ ஃபிலிம். கண்ணைக் கூடத் திருப்ப மாட்டார்கள், பேசிக்கொண்டே கை சரியான கூடையில் போடும். ஆய்வகக் கருவியில் அவர்கள் பிரித்ததைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் அவர்கள் சொன்னதே வரும். ஆனால் பெட்டும் பாலிஎத்திலீனும் ஒட்டிய உறையில் எந்தக் காதும் உதவாது. பெட் பக்கத்தின் சத்தம்தான் கேட்கும், உள்ளே ஒட்டியிருப்பது ஒளிந்துகொள்ளும்.

இந்தத் திறமைக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது, தகுந்த கூலியும் கிடையாது. மறுசுழற்சி விழுக்காடு என்று நாம் சொல்கிற எண்ணின் பெரும்பங்கு இந்தக் கைகளால் வந்தது.

10 செப்டம்பர், சற்றுப் பிறகு

கருவிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: தானியங்கிப் பிரிப்பான்கள் அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துப் பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிக்கும். வேகமாக, நன்றாகவே செய்யும். ஆனால் கார்பன் கரி சேர்த்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்தக் கதிரை அப்படியே விழுங்கிவிடும். கருவிக்கு அங்கே பொருளே இல்லை. நல்ல பாலிப்ரொப்பிலீன் தட்டு, நிறம் கறுப்பு என்பதால் மட்டும் குப்பைக்குப் போகிறது. நிறமியை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

13 செப்டம்பர்

இரண்டு நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். உறை செய்கிறவர்களை வில்லனாக்கி எழுதிக்கொண்டே போவது சரியில்லை.

உறை வடிவமைக்கும் ஒருவரிடம் ஒருமுறை நேரிலேயே கேட்டேன், ஏன் இத்தனை அடுக்கு என்று. அவர் கோபப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜன் புகுந்துவிடும். நைலானும் இவிஓஎச் என்ற பிசினும் ஆக்சிஜனைத் தடுக்கும், ஈரம் பட்டால் சோர்ந்துவிடும். அலுமினியம் ஒளியையும் சேர்த்துத் தடுக்கும், ஆனால் தனியாக நின்றால் மடிப்பில் கிழியும். பெட் விறைப்பைத் தரும், அச்சு நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஓரம் மூட அவ்வளவு எளிதாக ஒட்டாது. ஒருவர் குறையை மற்றவர் ஈடுகட்டுகிற கூட்டணி அது. அந்தக் கூட்டணியால்தான் மருந்து மாதக்கணக்கில் வீரியம் இழக்காமல் இருக்கிறது, உணவு கெடாமல் இருக்கிறது. அதே காரியத்தைக் கண்ணாடியில் செய்தால் எடை பல மடங்கு, ஏற்றிச் செல்லும் எரிபொருளும் கூடும். கெட்டுப்போகும் உணவுக்குப் பின்னாலும் நிலம், நீர், உழைப்பு இருக்கிறது.

இதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சோப்புத்தூளுக்கு அத்தனை அடுக்கு எதற்கு? சில நாளில் தீர்ந்துவிடும் பொருளுக்கு இரண்டு வருட ஆயுள் எதற்கு? தேவைப்படும் இடத்தில் அடுக்கு இருக்கட்டும். தேவையா என்று கேட்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே உறை அமைப்பைப் போடுவதுதான் எங்கள் மேசைக்கு வந்து குவிகிறது.

மாற்றும் கைவசம் இருக்கிறது. பாலிஎத்திலீனையே திசைப்படுத்தி இழுத்து விறைப்பாக்கி வெளித்தாளாகவும், சாதாரண பாலிஎத்திலீனை உள்தாளாகவும் வைத்து, நடுவில் மெல்லிய இவிஓஎச் தடுப்பு. அந்தத் தடுப்பு மொத்த எடையில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாலிஎத்திலீனோடு சேர்த்தே உருக்கலாம் என்கின்றன ஐரோப்பிய வடிவமைப்பு வழிகாட்டுதல்கள். இப்படிச் செய்த உறைகளை உருக்கிப் பார்த்திருக்கிறேன். வலை நாள் முழுக்கத் தாங்கியது.

14 செப்டம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒரே பொருளில் உறை செய்தால் பிரச்சினை முடிந்தது" என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். பாதிதான் முடிந்தது.

எடைக் கணக்கைப் பாருங்கள். பொறுக்கிச் சேகரிப்பவருக்குக் காசு எடைக்குத்தான். ஒரு பெட் பாட்டில் 25 கிராம் என்றால் நாற்பது பாட்டில் குனிந்து எடுத்தால் ஒரு கிலோ. ஒரு கிராம் எடையுள்ள சாஷேயில் ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் முறை குனிய வேண்டும். அதிலும் பாதி மண்ணும் ஈரமுமாக இருக்கும். தங்கத்தில் செய்தாலொழிய அதை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். அது எடுக்கப்படாமல் கிடப்பதற்குக் காரணம் அந்த எடைதான், யாருடைய அலட்சியமும் இல்லை.

இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. யூனிலீவர் நிறுவனம் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தோடு சேர்ந்து, சாஷேயைக் கரைப்பானில் கரைத்துப் பாலிஎத்திலீனை மட்டும் மீட்கும் முறையை உருவாக்கி, இந்தோனேசியாவில் முன்னோட்ட ஆலை அமைப்பதாக 2017-ல் அறிவித்தது. வேதியியல் வேலை செய்தது. ஆனால் ஆலை நிலைக்கவில்லை; சாஷேக்களைச் சேகரித்துப் பிரித்துக் கொண்டுவருவதில் உள்ள சிரமம்தான் காரணம் என்று பின்னர் செய்தி வந்தது. கரைப்பான் கண்டுபிடிக்கலாம். சிதறிக் கிடக்கும் ஒரு கிராமைத் திரட்டுவதற்குக் கரைப்பான் கிடையாது.

அதனால்தான் சிறு சாஷே என்ற வடிவத்தையே கேள்வி கேட்கிறேன். மறுநிரப்பு அல்லது பெரிய பொதிவு. குறைந்த வருமானக்காரர்கள் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்க சாஷே உதவுகிறது என்பது உண்மைதான். அளந்து ஊற்றிக் கொடுக்கும் இயந்திரம் அதே வேலையைச் செய்யும், உறை இல்லாமல்.

15 செப்டம்பர்

பைராலிசிஸ், சிமெண்ட் சூளை, தார்ச்சாலை. அடுக்கு உறையை இவற்றில் போட்டுத் தீர்க்கலாமே என்று மூன்றையும் தலா நாலு பேர் கேட்டாயிற்று. நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பைராலிசிஸ் என்பது ஆக்சிஜன் இல்லாமல் சில நூறு டிகிரியில் சூடாக்கி, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை உடைத்து எண்ணெயும் வாயுவும் ஆக்குவது. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் மட்டும் சுத்தமாகப் போனால் நன்றாகவே எண்ணெய் வரும். ஆனால் அவை சுத்தமாகக் கிடைத்தால் எங்களைப் போன்ற ஆலைகளே வாங்கிக்கொள்ளும்! எதைக் கையாள முடியவில்லையோ அந்தக் கலப்படச் சரக்குக்காகத்தானே பைராலிசிஸ் வேண்டும் என்கிறோம். அங்கேதான் அதுவும் தடுமாறுகிறது. பிவிசி போனால் ஹைட்ரஜன் குளோரைடு வந்து குழாயை அரிக்கும். பெட் போனால் எண்ணெய் குறைந்து, டெரெப்தாலிக் அமிலம் போன்றவை வெள்ளைப் பொடியாகப் படிந்து வழியை அடைக்கும். வரும் எண்ணெயில் பெரும்பகுதி எரிபொருளாகப் போனால் அது மறுசுழற்சியும் ஆகாது. எரிப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வந்ததாகத்தான் அர்த்தம். ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்குக் குவிகிற மலைக்கு இதைக் காட்டிச் சமாதானம் சொல்வது தப்பு.

சிமெண்ட் சூளை: உறையை இங்கே எரிபொருளாகப் போடுவார்கள். உள்ளே கிளிங்கர் (அரைத்துச் சிமெண்டாக்கும் கட்டி) 1,450 டிகிரியில் வேகிறது, சுவாலை அதைவிட மிகச் சூடு. திறந்த வெளியில் எரிப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். குப்பைமேட்டில் பிவிசி கலந்த குவியல் தீப்பிடிக்கும்போது டையாக்சின் என்ற நச்சு வரும், கரும்புகை சுற்றியிருக்கும் குழந்தைகளின் நுரையீரலுக்குப் போகும். அதைத் தடுக்க இன்று கையிலிருக்கும் வழிகளில் சூளையும் ஒன்று என்று மனதார ஒத்துக்கொள்கிறேன். குளோரின் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், புகைபோக்கியைத் தொடர்ந்து அளக்க வேண்டும், அந்த அளவீடு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஆனால் அதை மறுசுழற்சிக் கணக்கில் எழுதாதீர்கள். எரித்தது எரித்ததுதான்.

தார்ச்சாலை: மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிக்கு மேலாடையாகப் படியும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். கழுவ வேண்டிய கட்டாயம் குறைவு, மெல்லிய ஃபிலிம்தான் தோது. நான் மதிக்கிற யோசனை. பிவிசி மட்டும் கூடவே கூடாது. ஒரு கவலையும் உண்டு: சாலை தேயும்போது அந்தப் படலமும் சேர்ந்து தேயுமே, அந்தத் துகளைத் தொடர்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டும். அதோடு, சாலை போட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகும். வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் உற்பத்திக்குச் சாலை ஈடுகொடுக்காது.

15 செப்டம்பர், இரவு

பிவிசியைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துவானேன் என்று கேட்டவருக்கு. பெட்டும் பிவிசியும் தண்ணீரைவிடக் கனம், அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று. மிதக்கவிடும் தொட்டியில் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மேலே வந்துவிடும். இவை இரண்டும் ஒன்றாக அடியில் போய் உட்காரும். பெட் உருகும் சூட்டுக்கு வெகு முன்பே பிவிசி சிதைந்து அமிலம் கக்கும், அந்த அமிலம் பெட்டின் சங்கிலியை அறுக்கும். தண்ணீர் மாதிரி தெளிவாக வர வேண்டிய சரக்கு மஞ்சளடித்து, கரும்புள்ளியோடு வரும். பாட்டிலைச் சுற்றி முழுக்கச் சுருங்க ஒட்டும் பிவிசி சட்டை போடுகிறார்களே, அந்த ஒரு அலங்காரம் நல்ல பாட்டிலைக் கெடுக்கிறது. வீட்டில் உங்களால் செய்ய முடிந்ததில் மிகப் பயனுள்ளது, அந்தச் சட்டையை உரித்துவிட்டுப் போடுவது.

18 செப்டம்பர்

"மக்கிப்போகும் பிளாஸ்டிக்" வாங்கிவிட்டேன், நிம்மதி என்கிறார் ஒருவர். எந்த வகை என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் சிதைய வேதிப்பொருள் சேர்த்த ஆக்சோ வகை மக்குவதில்லை, நொறுங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அதைத் தடைசெய்துவிட்டது. பிஎல்ஏ மக்கும், ஆனால் தொழிற்சாலை உரக்குழியின் 60 டிகிரி அளவுச் சூட்டில். வீட்டுத் தொட்டியிலும் கடலிலும் அது பிளாஸ்டிக்காகவே நெடுநாள் கிடக்கும். பெட் பாட்டிலோடு கலந்துவிட்டால் எங்களுக்கு அதுவும் ஒரு கலப்படம்.

19 செப்டம்பர்

பணக்கார நாடுகள் எல்லாவற்றையும் மறுசுழற்சி செய்கின்றன, நாமும் அதைப் பின்பற்றலாம் என்ற கருத்துக்கு. அவர்களுடைய கணக்கில் பெரும்பங்கு நெடுங்காலம் கப்பலேறியது. 2018 ஜனவரியில் சீனா கழிவுப் பிளாஸ்டிக் இறக்குமதியை நிறுத்தியதும் உண்மை வெளியே வந்தது: கலப்பட பேல்களை, அதாவது அழுத்திக் கட்டிய கட்டுகளை, எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் துறைமுகங்களில் தேங்கின, பிறகு தென்கிழக்கு ஆசியாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. 2019-ல், அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையைத் திருத்தி, 2021 ஜனவரி முதல், கலப்படப் பிளாஸ்டிக் கழிவை அனுப்ப இறக்குமதி நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கினார்கள். சுத்தமான ஒரே வகைச் சரக்கு தாராளமாகப் போகலாம். அடுக்கு உறைக்கு அங்கேயும் இடமில்லை.

பிளாஸ்டிக் மாசுக்கான உலக ஒப்பந்தமும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2022 மார்ச்சில் நைரோபியில் ஐநா சுற்றுச்சூழல் பேரவை தீர்மானம் போட்டது, 2024 முடிவதற்குள் ஒப்பந்தம் என்று. 2024 இறுதியில் பூசானில் கூடினார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், அதுவும் உடன்பாடின்றிக் கலைந்தது. ஒரு தரப்பு உற்பத்திக்கும் நச்சு வேதிப்பொருளுக்கும் வரம்பு வேண்டும் என்கிறது. மறு தரப்பு கழிவு மேலாண்மையை மட்டும் பேசலாம் என்கிறது. இந்த இழையின் முதல் பதிவு சொன்னதும் இரண்டாம் தரப்பின் வாதம்தான். அதனால்தான் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

21 செப்டம்பர்

தொடக்கப் பதிவு எழுதியவர் திரும்ப வந்து, "சரி, நான் பிரிப்பதை நிறுத்திவிடவா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நீங்கள் ஈரக்கழிவைத் தனியே வைத்தால்தான் நல்ல பாலிஎத்திலீன் பை எங்களிடம் பையாக வந்து சேரும். இல்லாவிட்டால் சேறாக வரும், கழுவவே இரண்டு மடங்கு தண்ணீர் போகும். பெட், எச்டிபிஇ, பாலிப்ரொப்பிலீன், எல்டி ஃபிலிம்: இவற்றுக்கு உங்கள் கை உண்மையிலேயே கணக்கை மாற்றுகிறது.

அடுக்கு உறையைத் தனியாக ஒரு பையில் சேருங்கள், பாட்டில் பையில் போடாதீர்கள். பிறகு உங்கள் உள்ளாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பை எந்த ஆலைக்குப் போகிறது? கழிவுக்கு உற்பத்தியாளரே கட்டணம் கட்டிப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளர் பொறுப்புத் திட்டம் இருக்கும் இடத்தில், எத்தனை டன் சேகரித்தோம் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை டன் குருணையானது, எத்தனை டன் எரிந்தது என்று பிரித்து வெளியிடச் சொல்லுங்கள். பிரிக்க முடியாத உறைக்குக் கட்டணம் கூட, ஒரே பொருள் உறைக்குக் குறைய என்று வைத்தால் வடிவமைப்பு மேசை தானாகத் திரும்பும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் கட்டணத்தை அப்படிக் கூட்டிக் குறைக்கும் முறை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது.

24 செப்டம்பர்

பற்பசைக் குழாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய குழாயின் சுவர் அலுமினியமும் பாலிஎத்திலீனும் ஒட்டியது, எங்களுக்கு ஆகாது. 2019-ல் கோல்கேட் எச்டிபிஇயை முதன்மையாக வைத்துச் செய்த குழாய்க்கு அமெரிக்க மறுசுழற்சியாளர் சங்கத்தின் ஏற்பு கிடைத்தது. அந்தத் தொழில்நுட்பத்தை மற்றவர்களோடும் பகிர்ந்துகொண்டார்கள். முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பொருள், வடிவமைப்பை மாற்றியதும் முடிந்தது.

ஆனால் சந்தையில் இரண்டு வகையும் கலந்து கிடக்கிறவரை பிரிப்பு மேசையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே வெள்ளிக்கோடு இருக்கிறதா என்று தெரியும், ஒவ்வொன்றையும் வெட்ட யாருக்கும் நேரமில்லை. அதனால் நிறைய ஆலைகளில் புதுக் குழாயும் பழையதோடு சேர்ந்து ஒதுக்கப்படுகிறது. எங்கள் மேசையில் இப்போது குழாய்களைத் தனியாகச் சேர்த்து, அகச்சிவப்புக் கருவியில் வைத்து, எந்தத் தயாரிப்பு எந்த வகை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிரிக்கும் பெண்களுக்கு அந்தப் பட்டியலைப் படமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதாக ஏற்பாடு. உங்கள் பக்கத்து ஆலைகளில் இதை யாராவது செய்துகொண்டிருந்தால் எழுதுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.